மண்ணும் ஒரு ஒயர்

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறேன். மின்சாரத்தை அம்புக்குறியாகவே வரைந்து வரைந்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. இப்போது இணையத்தில் அசையும் படங்கள் வந்துவிட்டன. பேட்டரியை இழுத்து வைக்கலாம், ஒயரை நீட்டலாம், பல்பைக் கோக்கலாம். சுற்று முடிந்ததும் நீலப் புள்ளிகள் எறும்புச் சாரையாய்க் கிளம்பும். பிள்ளைகளுக்குக் காட்டுமுன் வீட்டில் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

அந்த ஞாயிறு காலை, டீ டம்ளரோடு என் கணவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஏம்பலத்தில் கரும்புக் கொல்லை.

"குடு, நான் பாஸாவறனா பாக்கலாம்."

பேட்டரியிலிருந்து ஒரே ஒரு ஒயரை இழுத்துப் பல்பில் மாட்டினார். பல்பின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்றை இழுத்து அந்தரத்தில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"எரியலயே."

"எப்பிடி எரியும்? சுத்தி வந்து சேரலியே."

"என் கொட்டாயில எரியுதே டீச்சர். உன் பொட்டில மண்ணு இல்ல, அதான்."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

அவருடைய மோட்டார் கொட்டாய்க்கு மூன்று லைன்கள்தான் வருகின்றன. திரும்பிப் போக நியூட்ரல் ஒயர் இல்லை. எங்கள் பக்கம் பலர் செய்வதுபோல ஒரு லைனில் குண்டு பல்பு, பல்பின் மறுமுனை வாய்க்கால் ஓரம் அடித்த இரும்புக் கம்பியில். மீதி வழியை ஈர மண் பார்த்துக்கொள்ளும். கரண்டு இருக்கும் நேரமெல்லாம் எரியும் பல்பு அது. மண் காய்ந்தால் மங்கும். மங்கினால் வெறுங்காலோடு போய் ஒரு குடம் உப்புத் தண்ணீரை ஊற்றி, கம்பியைக் கையால் அழுத்திவிட்டு வருவார். கல்யாணமான நாளிலிருந்து வேண்டாம் என்கிறேன். "எத்தினி வருசமா எரியுது, என்னை இன்னா பண்ணிச்சி?" என்பார். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை என் காது வாசலிலேயே கிடக்கும்.

அன்று வாதாடவில்லை. தொங்கிய ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே கூட்டிக் குறைக்கிற ஒரு மின்தடையை வைத்தேன்.

"இந்தாங்க உங்க மண்ணு. இப்பிடித் தள்ளினா மழ, அப்பிடித் தள்ளினா சித்திர வெயிலு."

அந்த மண்ணின் இரண்டு பக்கமும் வோல்ட்மீட்டரின் முனைகளை ஒட்டினேன். "இது கம்பியத் தொடற கை. இது தரையில நிக்கிற காலு."

விரலால் தள்ளினார். மழையில் பல்பு பளிச்சென்று எரிந்தது, மீட்டர் தூங்கியது. வெயிலில் பல்பு மஞ்சளித்து, சிவந்து, அணையப் போனது. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. மழை. வெயில். மறுபடி மழை. டீ ஆறி ஆடை கட்டியது.

"வெளக்கு நல்லா எரியும்போது கம்பி சாதுவா கீது," என்றார்.

"ஆமா."

"மங்கும்போதுதான் கடிக்கப் பாக்குது."

"ஆமா."

"மங்கும்போதுதான நான் போறன்."

எழுந்தார். செருப்புச் சத்தம், வண்டிச் சத்தம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கம்பியைப் பிடுங்கப் போகிறார், வெறுங்கையால். போன் அடித்தேன், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே மணி கேட்டது. ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மழை பெய்து நாளாகியிருந்தது. கரும்புக்கு நடுவே பாதையெல்லாம் புழுதி. கிளம்பிய புழுதியெல்லாம் எனக்குள் மீட்டர் எண்ணாக ஏறியது.

கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தார், காலில் ரப்பர் செருப்பு. மண் ஒட்டிய கம்பி வரப்பில் நீளமாய்ப் படுத்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். லுங்கி மடியை அவிழ்த்து மெயின் பெட்டியின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் எடுத்து நீட்டினார்.

"இத புடுங்கினப்புறம்தான் அத புடுங்கினன். உன் கிளாசுல பாஸா?"

வரப்பிலேயே கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"வர்ற வழியில ஒயர்மேனப் பாத்துட்டன். நியூட்ரலுக்கு எழுதிக் குடுக்கணுமாம். அதுவரைக்கும் டார்ச்சுதான், இன்னா இப்ப?"

அன்று சாயங்காலமும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போனார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வண்டி எப்போது வந்து நின்றதென்று தெரியவில்லை.