ஒரு அண்டா, இரண்டு காது

"இன்னிக்கு யார் யாருக்குப் பேச்சு இல்ல? சீக்கிரம் சொல்லுங்கபா, கஞ்சி ஆறிக்கினு இருக்குது!"

ஞாயிறு காலை ஆறரைக்கு வடிவு இப்படித்தான் வேலையைத் தொடங்குவார். மருத்துவமனை வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் குழு எங்களுடையது. பதினோரு பேர். சம்பளம் கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைவே இல்லை.

வடிவுக்கு ஐம்பது வயது, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரர். வாரத்தில் ஆறு நாளும் பட்டுக்கடையில், வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துவைக்கும் வேலை. ஏழாவது நாளாவது தூங்கக் கூடாதா என்றால், "தூங்கினா உங்களையெல்லாம் யாரு திட்றது?" என்பார்.

சமையல் கொட்டகையிலிருந்து வாசல்வரை அண்டாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முறைத்துக்கொண்ட இருவரைத்தான் அனுப்புவார். ஆளுக்கொரு காது. ஒருவர் வேகமெடுத்தால் மற்றவர் காலில் கஞ்சி கொட்டும். "இரு, மெதுவா" என்றாவது வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்! லோகேஸ்வரனும் நானும் ஒரு மாத வீம்பை வேகத்தடை அருகே தொலைத்தோம். இப்போது அவன் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறுவதே நான்தான்.

அப்படிப்பட்டவரே போன மாதம் வாயை விட்டார். தில்லையம்மாள் அவருடைய பத்து வருடத் தோழி. கஞ்சி தில்லையம்மாளின் கைப்பக்குவம். "இன்னாமா, உப்பை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். தில்லையம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். மூன்று ஞாயிறு வரவில்லை.

வடிவு வழக்கம்போலச் சிரித்தார், திட்டினார். ஆனால் ஷேர் ஆட்டோ வந்து நிற்கும்போதெல்லாம் தலை திரும்பியது. "அவ இல்லாம எனுக்கு இங்க இன்னாபா இருக்குது? கஞ்சி குடிக்கவா வரேன்?" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காவது ஞாயிறு தில்லையம்மாள் வந்தார். ஒருவரையும் பார்க்காமல் நேரே அடுப்புக்குப் போனார். கஞ்சியை இறக்கியதும், வடிவு கேட்பதற்குள் லோகேஸ்வரன் முந்திக்கொண்டான்.

"வடிவக்கா, தில்லையக்கா. ரெண்டு பேரும் தூக்குங்க."

இவனுக்கு ஏன் இந்த வேலை!

தில்லையம்மாள் வந்து ஒரு காதருகே நின்றார். அன்றைக்குப் பார்த்துக் கரித்துணி ஒன்றுதான் இருந்தது. வடிவு அதைக் கடையில் பட்டுப்புடவையை மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்து, தோழியின் பக்கத்துக் காதில் சுற்றினார். தன் பக்கத்துக்கு முந்தானையை எடுத்துக்கொண்டார்.

"பொடவை பாழாயிடும்டி," என்றார் தில்லையம்மாள். ஒரு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு.

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றி அண்டாவைப் பிடித்தார்.