சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எனக்கு இன்ஜின் சோதிக்கும் வேலை. வண்டியில் ஏற்றுவதற்கு முன், இன்ஜினைத் தனியாக மேடையில் பூட்டி ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

கூட வேலை பார்க்கும் டில்லியிடம் அவருடைய வேகக் காரை வாங்கினேன். கம்பெனிக் கணக்கில் நூற்றெண்பது குதிரைத்திறன். ஆசைக்கு, சுங்குவார்சத்திரம் பக்கம் வண்டியின் பவரை அளந்து சொல்லும் ஒரு டைனோ கடையில் உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். திரையில் நூற்று ஐம்பத்திரண்டு.

அங்கேயே நின்று டில்லிக்கு போன் போட்டேன்.

"செத்த இன்ஜினை என் தலையில கட்டிட்டியே!"

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

"இன்னா சார் சொல்றீங்க? நல்லா ஓடிக்கினு இருந்த வண்டி சார்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

டைனோவை இயக்கிய பெண் என்னைப் பார்த்தாள்.

"கம்பெனி சொல்றது இன்ஜின்ல வர்ற பவர் சார். கியர்பாக்ஸ், ஆக்சில்லாம் தாண்டி வர்றதுக்குள்ள கொஞ்சம் போயிடும். நாங்க பாக்குறது சக்கரத்துல. இந்த வண்டிக்கு இது நல்ல ரீடிங். ஆமா, நீங்க எங்க சார் வேலை செய்றீங்க?"

நான் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தேன்.

மறுநாள் கேன்டீனில் டில்லியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார். ஆனால் கம்பெனி பஸ்ஸில் இப்போதெல்லாம் அவர் எனக்கு இடம் போட்டு வைப்பதில்லை. மன்னிப்பு வழியிலேயே கொஞ்சம் தேய்ந்துவிட்டது போல. அந்த ஒருமை மட்டும் துளியும் குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.