காந்தத்தில் ஒட்டிய கார்ன்ஃபிளேக்ஸ்

முதல் குழந்தையை வயிற்றில் சுமந்திருந்தபோது எனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். சேதி கேட்டு, துபாயில் வேலை பார்த்த என் அண்ணன் ஒரு பெரிய டப்பா கார்ன்ஃபிளேக்ஸ் கொடுத்தனுப்பினான். இரும்புச் சத்து சேர்த்தது என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் அப்போது யாரும் அதைச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கள்ளிக்குப்பத்துக்காரர். கடையில் சாமான் நிறுக்கும்போது குனிந்து தராசுத் தட்டின் அடியைப் பார்க்கிற ரகம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரும்பு கீதுன்னு போட்டுக்கீறான். கீதா இல்லியான்னு பாத்துடலாம்."

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அவர் வீட்டில் கிடந்தது. கார்ன்ஃபிளேக்ஸை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் துழாவினார். வெளியே எடுத்தபோது பைமேல் கறுப்புப் பொடி அரும்பு மீசை மாதிரி நின்றது.

"பாத்தியா? ஆணியத் தேச்சுப் போட்டுக்கீறான். உங்க அண்ணனுக்கும் உனக்கும் எதுனா தகராறா?"

பாதி டப்பாவை ஏற்கெனவே காலி செய்திருந்த நான் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அக்கா அதோடு விடவில்லை. டாக்டரம்மா கொடுத்த இரும்பு மாத்திரையையும் பொடித்துக் காந்தத்தை வைத்தார். துளிகூட ஒட்டவில்லை.

"அதுல ஆணி. இதுல ஒண்ணியுமே இல்ல. ரெண்டு பேருமே ஏமாத்தறாங்கோ."

மறுநாள் காலை டாக்டரம்மாவின் மேஜைமேல் டப்பா, மாத்திரை, காந்தம் மூன்றையும் வரிசையாக வைத்து அக்கா வழக்கைச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"மாத்திரையில இருக்கறது இரும்பு உப்பு. அதைக் காந்தம் இழுக்காது. கார்ன்ஃபிளேக்ஸ்ல போடறது சாப்பாட்டுக்குன்னே தயாரிச்ச நைசான இரும்புத் தூள். வயித்துல இருக்கற அமிலம் அதைக் கரைச்சிடும். கொஞ்சமாத்தான் சேர்ப்பாங்க, பயமில்லை. ஆனா இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதேம்மா."

அக்கா நிதானமாகத் தலையாட்டினார். "கரைஞ்சிடும்னு நீங்க சொல்றது நெசந்தான் டாக்டரம்மா. நேத்து மத்தியானம் இந்தப் பொண்ணு தூங்கசொல்லோ வயித்து மேல காந்தத்த வெச்சிப் பாத்தேன். ஒட்டல."

எனக்கே அப்போதுதான் தெரியும். டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு டம்ளர் பாலோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்தார்.

"எனுக்கும் ரத்தம் கம்மிதான். அந்த ஆணிய கொஞ்சம் கொண்டா."

ஒரு வாய் போட்டு மென்று பார்த்தார். வைக்கோல் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.