சந்தனம் வைத்த பூட்ஸ்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் அச்சு வேலை பார்த்தேன். பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, கோப்பைக்கும் பொம்மைக்கும் அச்சு எடுக்கிற வேலை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. கம்பெனியில் கோணலாக வந்த பொம்மையை என்ன செய்வோம் என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"இதுக்கு வளைபாதம்னு பேருங்க. கிரகணத்தால வந்ததும் இல்ல, அம்மா செஞ்ச எதனாலயும் இல்ல. பச்சப்புள்ள காலு இளசு. மெல்ல மெல்லத் திருப்பிடலாம்."

வாராவாரம் பாதத்தைக் கையாலேயே கொஞ்சம் திருப்பி, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த வாரம் பிரித்து இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள். கடைசியில் குதிகாலுக்கு மேலே இறுகியிருந்த தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, மறுபடி ஒரு கட்டு. பாதம் நேராகிவிட்டது. ஆனால் சும்மா விட்டால் பழையபடி திரும்பிக்கொள்ளுமாம். அதற்காக ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். இரண்டையும் ஓர் இரும்புப் பட்டை இணைத்திருக்கும். குளிப்பாட்டுகிற ஒரு மணி நேரம் தவிர, இரவும் பகலும் காலில் இருக்க வேண்டும்.

அதை மாட்டிய பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே போக எனக்கு வெட்கம். மனைவிதான் தூக்கினாள். பஸ்ஸில் நான் நாலு சீட் தள்ளி, யாரோ மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

ஆயுத பூசைக்குக் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். அச்சு, கத்தி, உளி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். அன்று காலையில் மனைவியிடம் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு நாளு அத்தக் கழட்டி வச்சிட்டு வாயேன். நாலு பேரு பாப்பாங்க."

"பாத்தா என்னாங்க?"

"எனக்கு மானம் போவுது."

அவள் ஒரு கூடையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சொன்னபடியே பிள்ளையை வெறுங்காலோடு தூக்கி வந்தாள். அப்பாடா என்று இருந்தது. உள்ளே வந்தவள் கூடையிலிருந்து பூட்ஸை எடுத்து, என் அச்சுக்குப் பக்கத்தில் வரிசையின் கடைசியில் வைத்தாள். அன்றைய ஒரு மணி நேரத்தை இதற்கென்று மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த மேஸ்திரி நின்றுவிட்டார்.

"யாருய்யா சாமி முன்னாடி செருப்பக் கொண்டாந்து வச்சது?"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கமே எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"எம்பொண்ணுதுங்க" என்றேன். "செருப்பு இல்லீங்க. காலு மறுபடி திரும்பிக்காம இருக்கறதுக்கு."

"அப்படிச் சொல்லுய்யா" என்ற மேஸ்திரி, அச்சுக்கு இட்டது போலவே அந்த இரும்புப் பட்டைக்கும் சந்தனம் வைத்து, குங்குமமும் இட்டார்.

கற்பூரம் காட்டி முடித்ததும், "நேரமாயிடுச்சி, மாட்டுங்க" என்று மனைவி பிள்ளையை என் மடியில் விட்டாள்.

பூட்ஸுக்குள் பாதத்தை விட்டேன். குதிகால் கீழே அமரவில்லை. எந்த வாரை முதலில் இழுப்பது என்று தெரியவில்லை. பிள்ளை உதைத்ததில் சந்தனம் என் சட்டையெல்லாம் ஒட்டியது. பொரியைக் கொறித்தபடி எல்லோரும் சுற்றி நின்றார்கள். பூட்ஸை யாரும் பார்க்கவில்லை. தடுமாறுகிற என் கைகளைத்தான் பார்த்தார்கள்.

"குதிகாலு மொதல்ல நல்லா உக்காரணுங்க" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எத்தினி நாளா போட்டிருக்குது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ரெண்டு மாசமாங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப தெனமும் யாருய்யா மாட்டுறது?"

நான் குனிந்து வாரைத் தேடிக்கொண்டிருந்தேன்.