என் அழுகைக்காக ஜெபித்தேன்

சபையாரே, ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுத்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், ஐப்பசி மழையில், என் மகள் எஸ்தர் காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டு வயது. வல்லத்திராக்கோட்டையில் அப்போது கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். ஊர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: சாவு வீட்டில் ஒப்பாரி கூடாது, பாட்டுப் பாடி ஜெபிக்க வேண்டும். உயிர்த்தெழுதலைப் பேசுகிறவர்கள் மாரடித்து அழுதால் ஊர் சிரிக்குமே என்ற பயம்.

"அழுவாதீங்க ஞானம், புள்ள மோட்சத்துல இருக்கா" என்று உபதேசியார் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அழவில்லை. பெரிய விசுவாசி என்றார்கள். எனக்கோ உள்ளே ஒன்றுமே இல்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. நான் எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள்; பிரசங்கம் முடிந்ததும் உபதேசியாரை வழிமறிப்பவள். அந்த வாய் அடைத்துப்போயிற்று. பிள்ளை போனதோடு ஆண்டவரும் போய்விடுவாரோ என்று நடுங்கினேன். ஒரே ஜெபம்தான் மிஞ்சியது: "என் அழுகையையாவது கொடும், சுவாமி."

கார்த்திகையில் கீரமங்கலத்துக் கருப்பாயி அக்கா வந்தாள். வாழைக்காய் விற்க வருகிறவள். எஸ்தருக்கு இரண்டு பழம் தராமல் போகமாட்டாள். தெருவில் நுழைந்த பிறகுதான் அவளுக்குச் சேதி தெரிந்திருக்கிறது. கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"வேணாங்க்கா. எங்க வேதத்துல அழுவக் கூடாது."

சட்டென்று நிறுத்தினாள். கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏன்டி, ஒங்க சாமிக்கு வேண்டப்பட்டவங்க யாருமே செத்ததில்லையா?"

"செத்தாரு அக்கா. அவரு சிநேகிதரு ஒருத்தரு, லாசருன்னு."

"அப்ப ஒங்க சாமி என்ன செஞ்சாரு?"

"அழுதாரு."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எத்தனை தரம் கேட்ட சங்கதி! இன்னும் சற்று நேரத்தில் அந்த லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறவர், எதற்காக அழுதார்? என் துருவுகிற புத்தி மறுபடி எழுந்து உட்கார்ந்தது. லாசருவின் சகோதரிகள் அழுகிறார்கள். வரப்போகும் சந்தோஷத்தைக் காட்டி அவர்கள் வாயை அவர் அடைக்கவில்லை. கூட நின்று அழுதிருக்கிறார்!

"அவரே அழுதிருக்காரு, ஒனக்கு என்னடி?" என்றாள் அக்கா.

அழுதேன். என் தங்கமே, என் கிளியே என்று ஒப்பாரி வைத்தே அழுதேன். உபதேசியார் மனைவி தடுக்க ஓடிவந்தார். வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். அவருக்கும் ஒரு பிள்ளை போயிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

சாயங்காலம் ஜெபம் வந்தது. ஜெபத்தோடு கேள்வியும் வந்தது: ஏன் எடுத்துக்கொண்டீர்? இன்றுவரை பதில் இல்லை. ஆனால் முன்பு உபதேசியாரிடம் கேட்டதையெல்லாம் இப்போது ஆண்டவரிடமே கேட்கிறேன். அவரும் சலித்துக்கொள்ளவில்லை. எஸ்தர் இருந்த நாளில்கூட நான் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எந்த வேதத்தாரானாலும், போய்க் கட்டிக்கொள்கிறேன்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு அடைத்திருந்தால், முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டாம். அப்படியே போங்கள். அவர் அழத் தெரிந்தவர்.