அரிப்புக்குப் பூண்டு மாத்திரை

வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்க்கு மருந்து விற்பது கஷ்டமான தொழில். விற்கிறவனும் கூச்சக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். தங்கச் சுரங்கம் இருந்த ஊரிகத்தில், ஸ்டேஷன் பக்கத்தில் இயற்கைச் சத்து மாத்திரைக் கடை வைத்திருக்கிறேன். ஈஸ்ட் என்கிற பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைகள்தான் அதிகம் போகும். பூண்டுச் சாறு, தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த அமிலம், தயிரில் இருப்பது போன்ற நல்ல பாக்டீரியா, எல்லாம் குப்பிகளில். கம்பெனிக்காரர்கள் பெங்களூரில் ஒரே ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் டாக்டராகவே ஆகிவிட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று அவதிப்பட்டவர்கள் இதைப் படித்தால், சிரிக்கும் முன் உங்கள் முதல் மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில்?

முதலில் வந்தவர் சரோஜா அக்கா. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் தையல் மிஷின் வைத்திருப்பவர், ஐம்பது வயது. "அரிப்பா இருக்குது தம்பி" என்றார். நான் உற்சாகமாக வேப்பிலை ஷாம்பூவை எடுத்தேன். எப்படித் தேய்க்க வேண்டும் என்று என் தலையிலேயே செய்து காட்டினேன். நுரை வந்த பிறகு பத்து நிமிஷம் விட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தலையில அரிச்சா வந்தவுடனே சொல்லியிருக்க மாட்டனா? இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் காலண்டரப் பாத்துகினு நிக்கறேன்?"

ஈரம்

யேசுதாஸ் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். கால் விரல் இடுக்கு வெந்துபோயிருந்தது. ஈரத்திலும் இருட்டிலும் பூஞ்சை எப்படி வளர்கிறது என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குப்பியைக் கை நீட்டிப் பிடித்து, கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: பூண்டு, இஞ்சி, லவங்கம், தேங்காய் எண்ணெய். குப்பியைத் திரும்ப வைத்தார்.

"முப்பது வருஷம் சுரங்கத்துக்கு அடியில, தண்ணி நின்ன லெவல்ல நின்னவன் நான், ஈரத்தப் பத்தி எனக்கே சொல்றியா? கால நல்லா தொடச்சிகினு போறேன். இத நீ சோத்துக்குத் தொட்டுக்கோ."

என் மருந்து எனக்கு

அடுத்த நோயாளி நானே. தொடை இடுக்கில் அரிப்பு. சொந்தக் கடை, சொந்த டாக்டர். இரண்டு மடங்கு சாப்பிட்டேன். சரக்கு எடுக்கக் காலை ரயிலில் பெங்களூருக்குப் போனால், மூச்சுவிட முடியாத அந்தக் கூட்டத்திலும் என்னைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருக்கும். அவ்வளவு பூண்டு. மூன்று வாரத்தில் அரிப்பு கூடியது. தாகம் தாங்கவில்லை. உடம்பிலுள்ள கழிவெல்லாம் வெளியே போகிறது என்று மனைவி மேரியிடம் விளக்கினேன்.

"கழிவு போவுதோ இல்லியோ, இந்த வாசத்துக்கு நாங்கதான் வெளிய போவணும். நாளைக்கு டாக்டரப் பாருங்க."

டாக்டர் கேட்டது

டாக்டர் சின்ன வயசுப் பெண். பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. அது குறையாமல் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும் என்றார். களிம்பும் சர்க்கரைக்கு மாத்திரையும் எழுதினார். இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்றதும் பட்டியல் சொன்னேன். யார் கொடுத்தது என்றார். ஒரு கடைக்காரன் என்றேன்.

"அந்தாள்கிட்ட இனிமே போகாதீங்க."

நாலு பேர் எதிரில்

வெளியே வந்ததும் சரோஜா அக்கா ஞாபகம் வந்தது. ஐந்து மாதமாக அரிப்புக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். தீரவில்லை என்று சொன்னபோதெல்லாம் "விடாம சாப்பிடுங்கக்கா" என்று அடுத்த குப்பியைக் கொடுத்தவன் நான். போன வாரம், ஊசி குத்திய கட்டைவிரல் ஆறவே இல்லை என்றார். அதற்கு மஞ்சள் மாத்திரை கொடுத்திருந்தேன்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லை. "அக்கா, எனக்கும் அதே இடத்துல அரிப்பு. சர்க்கரையாம். என் மாத்திரைய நிறுத்திட்டு நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வாங்க" என்றேன். இரண்டு பெண்களும் துணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அக்காவுக்குச் சர்க்கரை என்னைவிட அதிகம். கட்டைவிரலில் சீழ் கோத்திருந்தது. இன்னும் விட்டிருந்தால் விரலுக்கே ஆபத்து என்றார் டாக்டர். அந்தக் கடைக்காரன் நான்தான் என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். விரல் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது; அரிப்பும் அடங்கியது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"நீ குடுத்த மாத்திர ஒண்ணும் கேக்கல தம்பி. ஆனா நாலு பேர் எதிர்ல உன் அரிப்ப சொன்ன பாரு, அதுக்கப்பறம்தான் டாக்டர்கிட்ட வாயத் தொறக்க எனக்கு வெக்கமா இல்ல."

இப்போது மாதக்கணக்கில் தீராத அரிப்பு என்று யார் வந்தாலும் முதலில் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன், பாதிப் பேர் கடைப்பக்கம் திரும்பி வருவதே இல்லை, என் வைத்தியத்தில் குணமானவர்கள் என்று நான் தைரியமாகச் சொல்லிக்கொள்வது அவர்களை மட்டும்தான்.