அத்தை வீசிய ஆஸ்

அத்தைமீது முதலில் சந்தேகப்பட்டது அம்மா அல்ல, நான்தான். அம்மா அதை வாங்கி வளர்த்தாள், அவ்வளவுதான்.

அப்பா அப்போது வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் பிரிட்ஜ் ஆடுவார்கள். அதற்கு நாலு பேர் வேண்டும். அப்பா, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த சின்ன டீமேக்கர் என மூவர்தான் தேறினார்கள். நாலாவது ஆளாக அப்பா தன் தங்கைக்கே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த அத்தை, ஆறே மாதத்தில் அப்பாவைத் தோற்கடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு ஜோடியாக எதிரே உட்கார்ந்தவர் சின்ன டீமேக்கர்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது, பெரிய சீட்டு சின்னச் சீட்டைப் பிடிக்கும், எல்லாவற்றிலும் பெரியது ஆஸ் என்பது மட்டும். எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும் ஏலத்தில் அத்தை ஜெயித்தால் சின்ன டீமேக்கர் தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். இரண்டு பேர் சீட்டையும் அத்தையே ஆடுவாள். ஆனால் உடனே ஆடமாட்டாள். விரித்த சீட்டுகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சீட்டைத்தான் பார்க்கிறாளா, அதற்குப் பின்னால் இருப்பவரையா என்று எனக்கு உறுத்தத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து சின்ன டீமேக்கர் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அந்தப் பக்கம் போறதுக்கு ஒரே வழிதான் இருந்திச்சு. அவசரப்பட்டு அத விட்டுட்டேன்.”

“பரவால்லைங்க. அடுத்த தடவ முன்னாடியே யோசிச்சு வச்சுக்கிட்டா போயிறலாம்.”

நான் நேரே குசினிக்குப் போய்க் கேட்டதைச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“எந்தப் பக்கமாம்டி?”

“தெரியல.”

“எப்பவாம்?”

“அடுத்த தடவ.”

அந்த வாரம் முழுக்க அத்தை தோய்க்கப் போட்ட சேலைகளைக்கூட அம்மா எண்ணினாள். அத்தையின் டிரங்குப் பெட்டியை மூன்று முறை திறந்து பார்த்தாள். அடுத்த ஞாயிறு, “அத்த பின்னால போயி உக்காந்துக்க. கண்ண எடுக்காத,” என்று என்னை அனுப்பிவைத்தாள்.

அன்று அத்தை, துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி எடுப்பதாக ஏலம் கேட்டிருந்தாள். அப்பா இஸ்பேடு ஒன்றை இறக்கினார். சின்ன டீமேக்கர் தன் சீட்டுகளை விரித்தார். இஸ்பேடில் ஆஸும் ராஜாவும் இருந்தன. கிளாவரில் ராஜா முதல் கீழே ஐந்து சீட்டு வரிசையாக. கிளாவர் ஆஸ் மட்டும் அத்தையின் கையில் ஒண்டியாக இருந்தது.

அத்தை நெடுநேரம் யோசித்தாள். பிறகு எதிரே கிடந்த இஸ்பேடு ஆஸால் பிடித்து, அடுத்ததாக இஸ்பேடு ராஜாவையும் அங்கிருந்தே ஆடினாள். அந்தப் பிடியும் அவர்களுக்குத்தான். அவள் கையில் இஸ்பேடு தீர்ந்திருந்தது. ஏதாவது ஒரு சின்னச் சீட்டைக் கழிப்பாள் என்று பார்த்தால், கிளாவர் ஆஸைத் தூக்கி அதன்மேல் வீசினாள்.

அப்பா தலையில் கைவைத்தார். “அடி கெட்டிக்காரி,” என்று முனகினார். திட்டுகிறார் என்று நினைத்தேன்.

குசினிக்கு ஓடினேன். “அம்மா, அத்த வேணும்னே பெரிய சீட்ட அவருக்குக் குடுத்துட்டாங்க!”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். “போதும் நிறுத்துங்க. ஒங்க தங்கச்சியும் இவரும் அந்தப் பக்கம் போறதுக்கு வழி பேசி வச்சிருக்காங்க. புள்ள காதால கேட்டிருக்கு. இப்ப சீட்டுலயே சாட காட்டிக்கிறாங்க.”

அத்தை முதலில் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறியது.

“அண்ணி, அது ஆட்டத்துப் பேச்சு. எதிர்க்கைக்குப் போற வழியச் சொன்னோம். அந்த ஆஸ் எங்கிட்ட இருந்தா வழிய அடச்சுக்கும். அத விட்டாத்தான் அங்க இருக்க அஞ்சும் எடுக்கலாம்.” பிறகு தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். “ஒம்பதும் இருக்குண்ணே. எண்ணிப் பாருங்க. நீங்களாவது சொல்லுங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். டிஸ்பென்சர் ஐயாவைப் பார்த்தார். பிறகு எல்லாச் சீட்டையும் கூட்டி அள்ளினார்.

“இன்னக்கிப் போதும்,” என்றார்.

சின்ன டீமேக்கர் அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தை மாதம், பட்டிப்பொல ஸ்டேஷனில் வேலைபார்த்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ரயில் புறப்படும்போது அவள் என் கன்னத்தைத் தொட்டாள். அப்பாவின் பக்கம் திரும்பவேயில்லை.

தோட்டத்துக்குத் திரும்பி நடக்கையில் தூறல் பிடித்துக்கொண்டது. அந்தச் சீட்டு என் மனதைவிட்டுப் போகவில்லை.

“அப்பா, அத்த ஏன் அந்த ஆஸ வீசினாங்க?”

அப்பா குடையை விரித்துக்கொண்டு வேகமாக முன்னால் போனார். பாவம், அப்பாவுக்கு அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான் நனைந்தபடி பின்னால் ஓடினேன்.